நீர்க்காகத்துக்குப் பின்னால் நின்ற வண்டி

ராபின்சன் எனக்கு அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். லென்ஸ் வாங்கக் கொடுத்த பணம். முழங்கை நீளத்தில் ஒரு வெள்ளைக் குழாய். அதைக் கேமராவின் மூக்கில் மாட்டினால் அக்கரைக் கொக்கின் கண் இக்கரையில் தெரியுமாம். கொக்கின் கண்ணைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "கல்யாண வேலைக்கும் ஆவும் மாமா" என்றான். அந்த ஒரு சொல்லை நம்பிக் கொடுத்தேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எங்கள் ஊரான காரோட்டில் இன்று தண்ணீர் கட்டிக் கிடக்கிற பாறைக்குளம் அன்று கல் உடைக்கிற குவாரி. அங்கே சம்மட்டி தூக்கித்தான் என் பிழைப்பு தொடங்கியது. இன்று அதே குளத்தின் கரையில் ஒன்றரை ஏக்கர் ஏத்தன் வாழை எனக்கு உண்டு. ரோட்டோரத்தில் சிமென்ட் கல் கம்பெனி உண்டு. விஜயதாஸ் என்று சொன்னால் பாறசாலை வரைக்கும் சிமென்ட் கடனாகக் கிடைக்கும். ஆனால் நான் கடனாக வாங்குவதில்லை. எவன் கையையும் பிடித்து நான் ஏறவில்லை.

ராபின்சனுக்கோ எல்லாக் கையும் கிடைத்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து சார். பையனைத் தனுவச்சபுரத்தில் டிகிரி வரை படிக்க வைத்தார், பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் அனுப்பினார், அது சரிப்படாமல் போனபோது பி.எஃப். பணத்தில் ஸ்டுடியோ வைத்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஸ்டுடியோவும் ஓடியிருக்கும். அதியன்னூரில் ஒரு கல்யாணம். கேக் வெட்டுகிற நேரத்தில் பந்தலுக்கு வெளியே தென்னையில் ஒரு செம்பருந்து வந்து உட்கார்ந்தது. அந்த ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் கேக் முழுசாக இருக்கிறது, மறுபக்கத்தில் பாதி காலியாகிவிட்டது. நடுவில் பருந்து. பெண்ணின் அப்பன் பாக்கிப் பணத்தைத் தரவில்லை. நானாக இருந்தால் கொடுத்த அட்வான்ஸையும் திரும்ப வாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு கல்யாண வேலை அருகிப்போனது. அவன் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. விடியும் முன்னே இலை இலையாகத் தொங்குகிற ஒரு பச்சை வலையை மேலே போர்த்திக்கொண்டு பாறைக்குளத்தின் கரையில் குப்புறப் படுத்துவிடுவான். பட்டாளக்காரன் தோற்றுப்போவான். எதிரியோ, மீன் பிடித்துவிட்டுச் சிறகு காயவைக்கும் ஒரு நீர்க்காகம். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை. வீட்டில் தாய் ரத்னபாய் தையல் மெஷின் மிதித்துக் கஞ்சி ஊற்றுகிறாள்.

போன மீன மாதம், அதாவது பங்குனியில், எனக்கு ஒரு கேடு வந்தது. எவனோ கோழிக்கடைக் கழிவைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து என் வாழைத்தோட்டத்து ஓரத்தில் தட்டத் தொடங்கினான். குடலும் இறகும் மழையில் அழுகி ஒழுகி என் கிணற்றில் இறங்கின. அடுத்திருப்பது ரத்னபாயின் கிணறு, அதுவும் நாறியது. ஓணத்துக்கு வெட்ட வைத்திருந்த குலைகள் நிற்க, மருந்தடிக்கவும் முட்டுக் கொடுக்கவும் ஒரு வேலைக்காரன் தோட்டத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறான். நானே கம்பெடுத்துக்கொண்டு காவல் இருந்தேன். நான் இருந்த நாளில் அவன் வரவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பஞ்சாயத்தில் போய்க் கேட்டேன். வண்டி நம்பராவது ஒரு போட்டோவாவது கொண்டு வாருங்கள், அபராதம் போடுகிறோம் என்றார்கள். நியாயந்தான். யார்மேல் போடுவார்கள்?

அந்த வாரம் வட்டி கேட்க ராபின்சன் வீட்டுக்குப் போனேன். அவன் முகமெல்லாம் பல்.

"மாமா இரியுங்க. ஒரு சாதனம் காட்டித் தாறேன். காம்பெடிஷன்ல கடைசி பத்துல எனக்க படம் உண்டு. ஃபஸ்ட் பிரைஸ் ஒரு லட்சம். ரெண்டு வாரத்துல ஒங்க கடன் தீருது."

கம்ப்யூட்டரைத் திறந்தான். பனி படர்ந்த குளம், பாறைமேல் சிறகு விரித்த நீர்க்காகம், பின்னால் கிழக்கு மலை, வெயில் வெண்ணெய் உருகினாற்போல. படம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் நீர்க்காகத்தில் நிற்கவில்லை. அதற்குப் பின்னால் இருப்பது என் வாழை. வாழை ஓரம் பச்சைப் புல்லாக மின்னுகிறது.

"இது எப்ப எடுத்தது?"

"போன மாசமாக்கும்."

"போன மாசம் அங்க கோழிக்கழிவுல்லா கெடந்தது? அது எங்கலே?"

"அத எடுத்துட்டேன் மாமா."

"எடுத்து எங்கலே போட்டே? நாலு ஆளை விட்டு எனக்கு எடுக்க முடியல்ல!"

"அய்ய, கம்ப்யூட்டர்ல எடுத்தேன். இப்பம் பாருங்க."

இந்தப் புதுக் கேமரா கண்டதையெல்லாம் கண்டபடியே ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுமாம். ரா என்பார்கள். அதன்மேல் உட்கார்ந்து இவர்கள் வெளிச்சம் கூட்டி, நிழல் குறைத்து, வேண்டாததை அழித்து வேறு படமாக்குவார்கள். அடியிலிருக்கும் ரா மட்டும் அழியாது. அவன் ஒரு பொத்தானை அமுக்கினான். வெயில் மங்கியது. புல் போய்ச் சாக்குக் குவியல் வந்தது. குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி. அதன்மேல் ஒருவன் நின்று சாக்கைத் தூக்கி எறிகிறான்.

நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டேன்.

"பெரிசாக்கு" என்றேன். பெரிசாக்கினான். நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"எலே, நீ இதக் கண்டியா?"

"கண்டேன். சரியா காக்கா இறக்கைய விரிக்கிய நேரம் ஃப்ரேமுக்குள்ள வந்து நின்னுட்டான். அஞ்சு மினிட்டு பாத்தேன், போவல்ல. லைட் போயிரும்லா? அதாக்கும் எடுத்துட்டுப் பின்ன அழிச்சேன். அது டிஸ்டர்பன்ஸ், மாமா."

கள் குடித்துப் பாறையில் தலையை மோதியவனைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து லாட்டரி எடுத்தவனைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை. ஊரே தேடுகிற வண்டி அவன் கண் முன்னால் நின்றிருக்கிறது. தன் வீட்டுக் கிணற்றிலும் விழப்போகிற கழிவு. எழுந்து ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும். இவன் வலைக்குள்ளே மூச்சடக்கிப் படுத்துக்கொண்டு, காக்கா பறந்துவிடுமே என்று பயந்திருக்கிறான்.

"அந்த ராவ எனக்கு அனுப்பு. இப்பமே."

அப்போதுதான் அவன் முகம் மாறியது. "மாமா, அது முடியாது. காம்பெடிஷன்ல ஒண்ணையும் அழிச்சிருக்கப்படாதுன்னு ரூல் உண்டு. இந்தப் படம் வெளிய வந்தா எனக்கத தள்ளிருவினும். ரெண்டு வாரம் பொறுங்க. பிரைஸ் வாங்கி ஒங்க பைசாவ மொத்தமா தாறேன்."

"எனக்க நாத்தத்தத் துடைச்சு உண்டாக்கின பைசா எனக்கு வேண்டாம். ரெண்டு வாரம் அவன் இன்னும் எத்தன லோடு தட்டுவான்? கெணறு எனக்குள்ளது மட்டுமாலே?"

"கேன் வெள்ளம் வாங்குதோம்லா..." என்று இழுத்தான்.

ரத்னபாய் தையலை விட்டு எழுந்து வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"இந்த வண்டியக் கண்டுட்டா நீ எனக்கிட்ட கேன் வாங்கச் சொன்னே?" அவள் குரல் உயரவே இல்லை. "தினமும் இடுப்பு முறிய ரோட்டுலேருந்து கேன் சுமந்துட்டு வாறேன். அதுல ஒரு போட்டோ எடுக்கல்லியே, மக்கா. நானும் ஒனக்கு டிஸ்டர்பன்ஸா?"

அவன் தலை குனிந்தான். படித்தவனுக்குத் தலை குனிய மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டாம். கொஞ்ச நேரம் அந்த நீர்க்காகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் போனுக்கு அனுப்பினான்.

மறுநாள் பஞ்சாயத்தில் போனை நீட்டினேன். இரண்டு நாளில் ஆள் தெரிந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கோழிக்கடைக்காரன், கடை வாசலில் பைபிள் வசனப் பலகை வேறு தொங்கவிட்டிருப்பவன். அபராதம் விழுந்ததும் என் வீட்டு நடையில் வந்து நின்றான்.

"அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு. வாரம் ரெண்டு கோழி வீட்டுல கொண்டு எத்திக்கலாம்."

"ஒனக்க கோழியத்தான் நாலு மாசமா குடிச்சிட்டிருக்கேன். மம்பெட்டி கொண்டு வா" என்றேன்.

அவன் ஆட்களே வந்து கழிவை அள்ளினார்கள். இரண்டு கிணற்றையும் மோட்டார் வைத்து இறைத்து, சேறு வாரி, குளோரின் போட்டார்கள். அவன் மடித்த வேட்டியோடு கரையில் நிற்க, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓணத்துக்கு முன்னால் என் குலைகள் இறங்கின.

ராபின்சனின் போட்டி என்ன ஆனது என்றால், கடைசிப் பத்துப் பேரிடமும் ரா ஃபைலை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அது முதலிலிருந்தே விதியில் இருந்ததாம். இங்கிலீஷில் எழுதியிருந்தது, டிகிரி படித்தவன் வாசிக்கவில்லை. நான் அந்த ராவை வாங்காமல் விட்டிருந்தாலும் அந்த ஒரு லட்சம் அவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் அனுப்பவில்லை, பெயரை எடுத்துவிட்டார்கள்.

வாழை விற்ற பிறகு அவனைக் கம்பெனிக்கு வரச் சொன்னேன். எவனிடமும் ஓசியில் வேலை வாங்கிய பெயர் எனக்குக் கிடையாது, இவனிடமா அதைத் தொடங்குவேன்?

"படத்துக்கு என்ன வெல?" என்றேன்.

முகம் மலர்ந்தது. "நீர்க்காகத்துக்கா மாமா? ஃப்ரேம் போட்டா..."

"காக்கா எனக்கு எதுக்குலே? வண்டிக்கு."

மலர்ந்தது வாடியது.

"இதுக்கு முன்ன வித்த படத்துக்கு என்ன வாங்கினே? அத செல்லு."

"வித்ததில்ல."

"கல்யாணத்துக்கு நாள் கூலி?"

"அஞ்சாயிரம்." பிறகு மெல்ல, "கடன்ல கழிச்சிடுங்க மாமா" என்றான்.

"கடன் வேற, கூலி வேற. கடனுக்கு நீ தருவே, கூலிக்கு நான் தருவேன். நீ ஆயுசுல வித்த ஒரே படம் கோழிக்கழிவு வண்டிக்க படமாக்கும். மறக்காத. கைய நீட்டுலே."

நீட்டினான். குளக்கரைச் செம்மண் ரேகைக்குள் புகுந்து உறைந்த கை. பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டை, எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக அதில் எண்ணி வைத்தேன்.