சலூன்காரர் சொல்லாமல் விட்டது

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு நாற்காலி போட்ட சின்ன சலூன் அவருடையது. இரண்டாவது நாற்காலியில் அவர் யாரையும் உட்காரவைத்து முடி வெட்டியதே இல்லை, அது கேட்க வருகிறவர்களுக்கு. வெட்டிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாத வழுக்கைத் தலைக்காரர்கள்கூட மாலையானால் அங்கே வந்து உட்கார்ந்து, பேப்பரை ஒரு மரியாதைக்கு விரித்துவைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். முதலில் ஓய்வது எப்போதும் கைதான்.

வம்புக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை, அடுத்த வீட்டுக் குடும்பத்தைக் கலைத்ததில்லை. அவருடைய சரக்கு முழுக்கச் சொந்த வீட்டுச் சரக்கு. "எங்க வீட்டு மகாராணி நேத்து என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஆரம்பித்தால் கடையே காதைத் தீட்டிக்கொள்ளும். மனைவி பல்லிக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நின்றது, தூக்கத்தில் காய்கறிக்காரனிடம் பேரம் பேசியது, பஸ் மாறி ஏறிவிட்டு அழுதுகொண்டே போன் பண்ணியது, எல்லாம் கண் காது மூக்கு வைத்து வெளியே வரும். அவள் கடைப் பக்கம் வருவதில்லை. தன்னை வைத்து இத்தனை பேர் இத்தனை வருஷம் சிரித்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அதற்குப் பேர் திருட்டு. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அவளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளியலறைத் தரையில், கொத்துக்கொத்தாக. டாக்டர் கொடுத்த களிம்புக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. தலையில் அங்கங்கே வட்டமாக வெறும் தோல் தெரிந்தது. அவள் படுக்கையறைக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். ஸ்கார்ப் கட்டாமல் கதவைத் திறப்பதில்லை. "இது யாருக்கும் தெரிய வேண்டாங்க" என்று அவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அவரும் தலையாட்டினார். நிஜமாகவே சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தார்.

ஒரு நாள் பேக்கரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னந்தலை ஏறிக்கொண்டே போகிறது என்று புலம்பினார். ரேடியோவின் நாக்குக்கு அது போதும். "உங்க தலை எவ்வளவோ தேவலை அண்ணே. ஊருக்கெல்லாம் முடி வெட்டுறேன், எங்க வீட்டு மகாராணிக்கு வெட்டறதுக்கே முடி இல்ல."

பேக்கரிக்காரர் சிரித்தார். ரேடியோவும் சிரித்தார். அடுத்த நிமிஷம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பேக்கரிக்காரர் தங்கமான மனுஷர், அதுதான் வினையாகிவிட்டது. ரொட்டி வாங்கப் போனவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, தன் மச்சினிக்கும் இப்படித்தான் இருந்தது, ஒரு எண்ணெய் தேய்த்தாள், "கவலைப்படாதீங்க தங்கச்சி, முளைச்சிடும்" என்றார். அவள் ரொட்டி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

"பேக்கரிக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"சேச்சே, நான் ஏன் சொல்றேன்?"

"அப்ப அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உன் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தார். பழக்கதோஷம். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் கடைக்குப் போன பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் பண்ணினபோது ஒன்றுதான் சொன்னாள்: "இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்னு தெரியாம என்னால அந்தத் தெருவுல நடக்க முடியாது."

பிள்ளைகள் இல்லாத வீடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தால் தீர்ந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற கண்ணாடியை அவர் தொடவில்லை. எத்தனை பேர் கேட்க இருந்தாலும் பேச்சு வருகிற மனுஷனுக்கு, கேட்க ஒருவர் இல்லாத அறையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

தெருக்கோடி சலவைக் கடையின் மாடிப்படியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தியான வகுப்பு, மன அமைதி, கட்டணம் கிடையாது. போனார். மாடியில் ஒரே அறை, அதில் ஒரு இளம் புத்த பிக்கு. மகன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவன் வயசு இருக்கும். பாவம், நல்ல ஜலதோஷம் வேறு. ரேடியோ கண்ணை மூடி உட்கார்ந்தார். மூடினதும் தலைக்குள் அவருடைய குரலே பேச ஆரம்பித்துவிட்டது, பல்லிக் கதை, பஸ் கதை, எல்லாம் வரிசையாக.

"சாமி, கண்ணை மூடினா உள்ள கடை திறந்துடுது" என்றார் வகுப்பு முடிந்ததும்.

பிக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அஸ்திவாரம் போடாம மாடி கட்டறீங்க ஐயா. உட்கார்றது அப்புறம். முதல்ல சீலம்."

சீலம் என்றால் பெரிய வித்தை இல்லை, யாருக்கும் கெடுதல் பண்ணாமல் இருப்பதுதான் என்றார். கொல்லாமல் இருப்பது, கொடுக்காததை எடுக்காமல் இருப்பது, தகாத உறவுக்குப் போகாமல் இருப்பது, கெடுதலான பேச்சுப் பேசாமல் இருப்பது, போதையைத் தொடாமல் இருப்பது. ரேடியோவுக்கு ஒரே சந்தோஷம். "நாலு என்கிட்ட ஏற்கெனவே இருக்கு சாமி. கொசு விஷயத்துல மட்டும் கொஞ்சம் கையை அடக்கணும்."

"மிச்சம் ஒண்ணு?"

"பேச்சு என் தொழிலாச்சே. ஆனா நான் பொய் பேசல சாமி. உள்ளதைத்தான் சொன்னேன். என்ன நடந்ததுன்னா, எங்க வீட்ல..."

"இருங்க" என்றார் பிக்கு. "இப்ப சொல்லப்போறது யாரோட விஷயம்?"

"என் மனைவியோடது."

"அப்ப எனக்கு வேண்டாம். நீங்க செஞ்சதை மட்டும் சொல்லுங்க."

ரேடியோ வாயைத் திறந்தபடி நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனுஷர் அவர் கதையைக் கேட்க மாட்டேன் என்கிறார். அவளுடைய விஷயத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் சொல்ல ரொம்பக் கொஞ்சம்தான் இருந்தது. "சொல்லக்கூடாததைச் சொன்னேன். கேட்டப்ப சொல்லலேன்னு சாதிச்சேன்."

"உண்மையா இருந்தா மட்டும் போதாது ஐயா. அதனால யாருக்கு நல்லது, இது அதுக்கு நேரமா, மனசுல அவங்க மேல அன்பு இருக்கா, பக்குவமா சொல்ல வருமா, இதையும் பாருங்க."

"இவ்வளவும் பார்த்துட்டுப் பேசினா கிராக்கி எழுந்து போயிடுவான் சாமி."

"போகட்டும்" என்றார் பிக்கு, தும்மிவிட்டு.

அப்படியேதான் ஆயிற்று. யாராவது உட்கார்ந்ததும் பேச்சு தானாகக் கிளம்பும். அது யாருடைய விஷயம் என்று பார்ப்பார். பெரும்பாலும் அங்கே இல்லாத யாரோ ஒருவருடையதாக இருக்கும், வாயை மூடிக்கொள்வார். மிஞ்சியது வெயிலும் மழையும்தான், அதைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? எதிரில் டிவி வைத்த புது சலூன் ஒன்று வந்திருந்தது. கூட்டம் ஒவ்வொருவராக அங்கே ஒதுங்கியது. ரேடியோ கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். அடிக்கவில்லை, நிஜமாகவே ஓட்டினார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாடிக்குப் போய்ப் பிக்குவின் தலையை மழித்துவிட்டு வருவார். அங்கே இரண்டு பேரும் பேசுவதில்லை. கத்தி தோலில் போகிற சத்தம் இவ்வளவு மெல்லியது என்று தொழிலுக்கு வந்து இத்தனை காலம் கழித்து அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தெருவுக்குப் பொறுக்குமா? மனைவியைக் காணோம், ஆள் வாயைத் திறப்பதில்லை. இரண்டையும் கூட்டி ஒரு விடை கண்டுபிடித்துவிட்டது: அடித்துத் துரத்தியிருக்கிறான். பிள்ளைகளை முடிவெட்டக் கூட்டிவந்த அம்மாக்கள் எதிர்க்கடைக்கு மாறினார்கள். கத்தி பிடிக்கிற கையாச்சே.

இரண்டாவது நாற்காலிக்குக் கடைசிவரை வந்துகொண்டிருந்தவர் கணக்கு வாத்தியார் ஒருவர்தான். ஒரு சாயங்காலம் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"அடிச்சியாப்பா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் போனாங்க?"

"தப்பு என்னோடது."

"அதான் என்ன தப்பு? என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லு. தெரு வாயை நான் அடைக்கிறேன்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் பெண்டாட்டியை அடித்தவன் என்ற பேர் போய், ஓட்டைவாய் என்ற பழைய பேரே திரும்பக் கிடைத்துவிடும். கடை நிறைந்துவிடும். வாத்தியார் நாளைக்கும் வருவார். அந்த மனுஷருடைய செருமல்கூட அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் அவள் தலை இருந்தது.

மென்று விழுங்கினார். "வேற ஒண்ணும் இல்ல சார்."

"சரி, நிஜம்தான் போல" என்று வாத்தியார் எழுந்து போனார். அதோடு சரி. அத்தனை வருஷம் காசு கொடுக்காமல் சிரித்துவிட்டுப் போன மனுஷர், போகிறபோது எவ்வளவு ரோஷம் பாருங்கள்.

பேக்கரிக்காரர் மட்டும் ஒருநாள் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றார். "நடந்தது எனக்குத் தெரியும்ல. நான் நாலு பேர்கிட்ட சொல்லிடறேனே."

"வேண்டாம் அண்ணே. சொன்னா, நமக்கு மட்டும் தெரிஞ்சது தெருவுக்கே தெரிஞ்சு போயிடும்."

பேக்கரிக்காரர் ரொட்டியை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார். அன்றைக்கு ரேடியோ ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதார். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்பார்கள். அவருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. வாயைக் கட்டினது சரி, ஆனால் அவளிடம் சொன்ன அந்தப் பொய் அப்படியே கிடந்தது. போன் பண்ணும்போதெல்லாம் 'நான்தான் சொன்னேன்' என்று சொல்ல நினைப்பார். அக்கா எடுப்பாள், அவள் தூங்குகிறாள் என்பாள்.

குளிர் தொடங்குகிற சமயத்தில், கம்பளி உடைகளை எடுத்துப்போக அவள் வந்தாள். அவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள். மாடிப்படியில் கீழ்வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுச் சட்டுனு கிளம்பிடும்மா. கை நீட்டற ஆளுகிட்ட இனிமே வராதே."

"யாரு கை நீட்டினா?"

"மறைக்காதேம்மா, தெருவுக்கே தெரியும். அவரும் வாயே திறக்கல. செஞ்சிருந்தாத்தானே அப்படி?"

அவள் ஸ்கார்ப் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். "என்னைப் பத்தி என்ன சொல்றாங்க?"

"உன்னைப் பத்தி என்ன இருக்கு? பாவம்னுதான் சொல்றாங்க" என்ற கீழ்வீட்டம்மா, "ஸ்கார்ப் எடுப்பா இருக்கே, எங்க வாங்கினே?" என்றாள்.

அவள் அந்த அம்மாள் கண்ணையே பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஸ்கார்ப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே போய்க் கம்பளிகளைப் பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். எதிரே வந்தவர்கள் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள், இரக்கமாக. தலையை ஒருவரும் பார்க்கவில்லை.

சலூனில் அவர் தனியாக உட்கார்ந்து சுத்தமான சீப்பைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னை அடிச்சீங்களாமே?"

"சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லேன்னு சொன்னேன். நம்பல."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு, "ஷட்டரை இறக்குங்க" என்றாள். இறக்கினார். அவள் முதல் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கார்பை அவிழ்த்தாள். முடி முன்னைவிட மோசமாக, திட்டுத்திட்டாக இருந்தது. "மொத்தமா எடுத்துடுங்க. பாதி இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு."

அவர் துணியைப் போர்த்தினார். கத்தியை எடுத்தவர் கீழே வைத்தார். "அன்னிக்கு இல்லேன்னு சொன்னது பொய். நான்தான் பேக்கரிக்காரர்கிட்ட சொன்னேன். சிரிக்கறதுக்காகச் சொன்னேன். இதுக்கு முன்னாடியும் உன்னை வச்சு நிறைய சிரிச்சிருக்கேன்."

"அன்னிக்கே புரிஞ்சுபோச்சு" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்க்காமல். "இன்னிக்காவது உங்க வாயால வந்துதே. எடுங்க."

மழித்து முடித்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. உண்மையா, நேரம் சரியா, மனசு சரியா என்று எல்லாம் பார்த்தார். "தலை நல்ல வடிவம்" என்றார்.

அவள் நிமிர்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இதைக் கடையில சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

ஸ்கார்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் இரு என்று சொல்லவில்லை, அவளும் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்தவள் நின்றாள்.

"யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வந்தாங்க, போனாங்கன்னு சொல்லுவேன்."

"திரும்ப வருவாங்கன்னும் சொல்லுங்க" என்றாள். போய்விட்டாள்.

அவர் ஷட்டரை முழுக்க ஏற்றி, இரண்டு நாற்காலியையும் துடைத்து, விளக்கைப் போட்டார். எதிர்க்கடையில் டிவி சத்தமாக ஓடியது, உள்ளே வாத்தியாரின் வழுக்கை தெரிந்தது. சொல்லலாம் என்று அவளே கொடுத்துவிட்டுப்போன ஒரு செய்தி இவரிடம் இருந்தது. கடை சாத்துகிற நேரம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து, கேட்க ஒரு ஆள் வரவில்லை.