எட்டாவது சிடி

என் சித்தியின் கல்யாணத்தை முடித்து வைத்தவள் நான்தான் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டுக்கு யாராவது புதிதாக வந்துவிட்டால் போதும், அப்பா இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்து வைப்பேன். இத்தனை வருஷம் சிரித்து அலுத்துப்போய்விட்டது. அதனால் இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மே மாதம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி. தாத்தா போன பிறகு சித்தி எங்களோடுதான் இருந்தாள். தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை. கல்யாண வீடியோ, பாட்டு, போட்டோ என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் சிடியில் எழுதிக் கொடுக்கிற இடம் அது. சித்திக்கு வயது இருபத்தொன்பது. அதை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். "இருபத்தேழு நடக்கறது" என்று இரண்டு வருஷமாக அம்மா ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதுவரை பதினோரு குடும்பங்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தன. பதினோரு தடவை சொஜ்ஜி, பதினோரு தடவை பஜ்ஜி. "வாழைக்காயைப் பார்த்தாலே எனக்குக் கையும் காலும் ஓய்ஞ்சு போறதுன்னா" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. சித்தி ஒவ்வொரு தடவையும் புடவையை மடித்து வைத்துவிட்டு மறுநாள் பஸ் பிடித்து வேலைக்குப் போய்விடுவாள்.

பன்னிரண்டாவதாக வந்தது பிட்ஸ்பர்க் பையன். ஜாதகம் பொருந்திவிட்டது. ஜூன் மாதம் பத்து நாள் லீவில் வருவானாம். வருவதற்குள் நாலைந்து பெண்களின் வீடியோவைப் பார்த்து வைத்துக்கொள்வானாம். காசெட் வேண்டாம், சிடியாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டான். எங்கள் எதிர்வீட்டு மாமி மகளின் பிரசவத்துக்காக அதே ஊருக்கு சனிக்கிழமை விமானம் ஏறுவதாக இருந்தாள். கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றாள். சனிக்கிழமைக்குள் சிடி தயாராகாவிட்டால் இந்த வரன் அவ்வளவுதான். அம்மா அந்த வாரம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மொட்டை மாடியில் சித்தியைப் பட்டுப் புடவையில் நிற்க வைத்து, அப்பாவின் சிநேகிதர் ஒரு மணி நேரம் படம் பிடித்தார். ஒரு கீர்த்தனை பாடினாள். துளசிக்குத் தண்ணீர் விட்டாள். சமையல் ரொம்பப் பிடிக்கும் என்று இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்கள், அதற்கு மட்டும் ஆறு தடவை எடுக்க வேண்டியிருந்தது. சிடியில் எழுத வெளியே கொடுப்பானேன், இந்த வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்றார் அப்பா. ஆக, தன்னைப் பெண் பார்க்கிற சிடியைத் தானே எழுதுகிற வேலையும் சித்தியின் தலையில் விழுந்தது. அவள் சென்டரிலிருந்து சிடி எழுதுகிற ரைட்டரை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். பத்து வெற்று சிடி கொண்ட ஒரு பாக்கெட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் சிடி எழுதினாள். கால் மணியில் முடிந்தது. போட்டுப் பார்த்தால் பாட்டில் அனுபல்லவி எடுக்கிற இடத்தில் சித்தியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. "கரண்ட் ஏறி இறங்கறது அத்திம்பேர்" என்றாள் சித்தி. இரண்டாவதுக்கு ஃப்ரிட்ஜை அணைத்தோம். அதுவும் போயிற்று. தூசி என்றாள், மின்விசிறியை நிறுத்தினோம். அந்த மே மாதத்து வெயிலில் அப்பா பனியன்கூட இல்லாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கிரைண்டர் போடவில்லை, டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தாள். நாலாவதும் போயிற்று. கெட்டுப்போன சிடிகளை நூலில் கோத்து, மாடியில் காயும் வடாத்துக்கு மேலே அம்மா கட்டினாள். காக்காய் வரவில்லை. அந்த வாரம் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை ஆறாவது சிடியும் நின்றபோது அப்பா பொறுமை இழந்தார். இன்னும் என்னதான் காரணம் என்று கேட்டார். சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "குழந்தை தடதடன்னு ஓடறா இல்லியா, அந்த அதிர்வுல எழுத்து விட்டுப்போறது" என்றாள். அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. நான் ஓடவில்லை, சத்தியமாக ஓடவில்லை என்று அழுதேன், யார் கேட்டார்கள்! மறுநாள் காலை ஏழாவது சிடியின்போது என்னை மாடியில் வடாத்துக்குக் காவல் வைத்துவிட்டார்கள். நான் இல்லாமலே அதுவும் போயிற்று. அப்போதும், நான் மாடியில் குதித்திருப்பேன் என்றுதான் அம்மா சொன்னாள். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய சித்தி எனக்குப் பால்கோவா வாங்கி வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை. எனக்கு அவ்வளவு ரோஷம்.

குற்றவாளி நான் இல்லை என்று எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே குறி. அன்று ராத்திரி சித்தி எட்டாவது சிடியை ரைட்டரின் தட்டில் வைக்கும்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் மூச்சுவிடாமல் போய் நின்றேன். சிடியின் காகித உறை என் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வருகிற ஆறு வித்தியாசங்களை ஒரே நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறவள் நான். உறையின் மூலையில் 2X என்று சின்னதாக அச்சிட்டிருந்தது. திரையில் இருந்த சின்னக் கட்டத்தில் 4X என்று இருந்தது.

"அப்பா! இதுல ரெண்டுன்னு போட்டிருக்கு, சித்தி நாலுன்னு வெச்சிருக்கா!" என்று கத்தினேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். உறையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இரண்டு என்றால் என்ன, நாலு என்றால் என்ன என்று கேட்டார். எழுதுகிற வேகம் என்றாள் சித்தி. சிடி தாங்குகிற வேகத்துக்கு மேல் எழுதினால் சரியாகப் பதியாது என்பதையும் அவளேதான் சொன்னாள். "கவனிக்கல அத்திம்பேர்" என்றாள். அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இரண்டில் வைக்கச் சொல்லி எழுத வைத்தார். அரை மணி ஆயிற்று. நான் வேண்டுமென்றே கூடத்துக்கும் சமையலறைக்குமாக ஓடினேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டாவது சிடி அனுபல்லவியைத் தாண்டிப் பாடியது, சரணமும் பாடியது, துளசிக்குத் தண்ணீர் விட்டது, சமையல் ரொம்பப் பிடிக்கும் என்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உறைக்கு நாலு மூலையிலும் குங்குமம் வைத்து சுவாமி அலமாரியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தாள். "அடிச்சுட்டேனேடி கண்ணா" என்று அப்பா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பால்கோவா முழுவதையும் நானே தின்றேன். சிடி மாமியோடு போயிற்று, ஜூனில் பையன் வந்தான், ஆவணியில் கல்யாணம்.

ரிசப்ஷனுக்கு வந்த சித்தியின் முதலாளி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் அவள் எழுதிய சிடி ஒன்றுகூடக் கெட்டதில்லை, இனிமேல் அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவேன் என்று வருத்தப்பட்டார். வீட்டு வேலையென்றால் எல்லோருக்கும் அலட்சியம்தான் என்று அப்பா சிரித்தார். பக்கத்தில் ரோஸ்மில்க்கோடு நின்ற நானும் சிரித்தேன். தெரிந்தேதான் அவள் நாலில் வைத்தாள் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. வேலையை விட மனசில்லையா, வேறு யாரையாவது நினைத்திருந்தாளா, இல்லை பன்னிரண்டாவது தடவையாகத் தன்னைக் காட்டிக்கொள்ள அலுத்துப்போய்விட்டதா, எனக்கு இன்றும் தெரியாது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளை அந்த வீட்டில் யாரும் வேண்டுமா என்றே கேட்கவில்லை. நான் உள்பட.

எட்டாவது சிடி எழுதி முடித்த அந்த வியாழக்கிழமை ராத்திரி அப்பாவும் அம்மாவும் சிடியைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போயிருந்தார்கள். சித்தி தரையில் உட்கார்ந்து, ரைட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. கலைந்து கிடந்த என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ரொம்பக் களைத்த குரலில் கேட்டாள்.

"இன்னும் ரெண்டே ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கப்படாதாடி?"

"ரெண்டு நாள் எதுக்கு சித்தி? அரை மணியிலேயே முடிஞ்சுடுத்தே!" என்றேன், அவ்வளவு பெருமையாக.