நான்காம் நாளே எனக்குத் தெரியும்

“செவ்வாய், காலை 11.16. ஓவன் ஓடுகிறது. நூறு பாக்கெட் போனால் முப்பத்தெட்டு திரும்பவில்லை. 11.19. ஓவன் நின்றது. நூறும் திரும்புகிறது.”

இது என் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு. என் மனைவி செல்வியின் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது எது என்பது இதை எழுதிய நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவளிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் சொல்லவில்லை. அதோடு நின்றேனா? இல்லை... தெரிந்தபிறகு, வேண்டுமென்றே, நானே அந்தப் பட்டனை அழுத்தினேன்.

நான் பத்திரம் எழுதுகிறவன். விழுப்புரத்தில் வாடகை வீடு. தேதி பிசகினால் பத்திரம் செல்லாது என்பதால் தேதி எனக்கு ரத்தத்தில் ஊறியது. தொழில் போக மீதி நேரத்தில் எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் வந்தது, எந்தத் திரையரங்கு எப்போது கல்யாண மண்டபமாயிற்று என்று எழுதிச் சேர்ப்பேன். பதினான்கு நோட்டுகள் இருக்கின்றன. யாரும் கேட்டதில்லை.

செல்வி ஆறு வருடமாகத் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு பஸ்ஸில் போய் வந்தாள். போகும்போதும் வரும்போதும் பெரும்பாலும் நின்றபடிதான். முதுகெலும்பில் தேய்மானம், இனி நின்றுகொண்டு பயணம் செய்யவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் வீட்டிலிருந்தே கணக்குப் பாடம் எடுக்கும் அந்த ஆன்லைன் வேலை வந்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடி பஸ்! அவளுடைய முதுகு அந்த மூன்று மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

கதவைச் சாத்திப் பாடம் நடத்தச் சமையலறையை ஒட்டிய அறைதான் கிடைத்தது. முதல் வாரமே கோளாறு.

“இன்னாங்க, நான் பேசிக்கினு இருக்கும்போதே கொழந்தைங்க மூஞ்சி அப்டியே நின்னுபூடுது. நீங்கதான் எல்லாத்துக்கும் கணக்கு வைக்கறீங்களே, இதுக்கும் ஒரு நோட்டு போடுங்களேன்!”

போட்டேன். வைஃபையில் தகவல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் போய்வருகிறது. வழியில் சில தொலைந்தால் குரல் உடையும், படம் உறையும். எப்போது தொலைகிறது என்று நிமிடம் நிமிடமாகக் குறித்தேன். நான்காம் நாள் விடை கிடைத்தது. பதினொன்றே காலுக்கும் நாலே காலுக்கும் என் மருந்துக்கு நான் ஓவனில் வெந்நீர் வைப்பேன். அவளுடைய வகுப்பும் அதே நேரம். அது மைக்ரோவேவ் ஓவன். அதன் அலையும் வைஃபை அலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்; ஓவன் ஓடினால் ரௌட்டர் திணறுகிறது. ஓவனுக்கும் அவள் மேசைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

ஓவனில் வெந்நீர் வைக்கச் சொன்னதே அவள்தான். “காஸை மூட மறந்துடறீங்க. எங்கனா ஒரு நாளு நெருப்பு வச்சிக்கப்போறீங்க. ஓவன்லயே வச்சிக்கங்க.” அந்த அக்கறையையா நான் ஆயுதமாக்கினேன்? ஆம்... அதைத்தான்.

அந்த ஓவன் தலை தீபாவளிக்கு மாமனார் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள் என்று என் வீட்டார் எதிர்பார்த்திருந்தார்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் ஓவன்! ஒன்பது வருடம் அதை வெறுப்போடு தொட்டேன். ஆனால் அது மட்டும் காரணமில்லை. நோட்டு போடச் சொன்னதற்கு முந்தைய ஞாயிறு, அவள் தம்பி முருகனிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது.

“மாமாவா? எந்தத் தெருவுல எப்ப கொழா போட்டாங்கன்னு தேதி எழுதிக்கினு கெடக்கறாரு. கவர்னரே வந்து மாலை போடப்போறாரு பாரு!”

சிரித்தாள். கேலியில் விஷம் இல்லை. தம்பியிடம் எல்லா அக்காக்களும் பேசுவதுதான். இதற்காகவா? இதற்காகத்தான்! என் தேதிகளைப் பார்த்துச் சிரித்தவளைத் தேதிகளாலேயே அழவைக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு விடாமல் செய்தும் முடித்தேன்.

கேபிள்காரர் வந்தார். பத்து நிமிடம் ரௌட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், பொட்டி டக்கரா கீது. லைனும் ஓகே. கிச்சன்ல ஓவன் கீவன் ஓட்டினுகீறீங்களா? பழைய ஓவன்னா செம பேஜாரு சார்.”

செல்வி அறைக்குள் வகுப்பில் இருந்தாள். “அதை யாருப்பா தொடறா? சும்மா அழகுக்கு வச்சிருக்கோம்” என்றேன். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. எனக்கே ஆச்சரியம்!

ரௌட்டரிலிருந்து மேசைவரை வயர் இழுத்தால் சரியாகிவிடும் என்று முருகன் சொன்னதாக அவள் வந்து நின்றாள். “செவுத்துல ஓட்டை போடணும். ஹவுஸ் ஓனர் ஒத்துக்கலம்மா” என்றேன். ஹவுஸ் ஓனரிடம் நான் பேசவே இல்லை.

அதன்பிறகு இரண்டாவது நோட்டு ஒன்று எழுதினேன். கேட்கிறீர்களா? இரண்டாவது நோட்டு! முதல் நோட்டில் உண்மை. இரண்டாவதில் அதே கட்டம், அதே கையெழுத்து. ஆனால் ஓவனே இல்லை. கோளாறு வராத காலை ஆறு மணிக்கும், அவள் கோலியனூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானத்துக்கும் கோளாறு எழுதினேன். பார்க்கிறவருக்கு இந்த வீட்டில் எந்த நேரத்திலும் நெட் நிலையாக இருக்காது என்று தோன்ற வேண்டும். நாற்பது வயதுவரை ஒரு பொய்த் தேதி எழுதாதவன் நான்.

செல்வி அதை நம்பினாள். நம்பி, பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தன் மேலதிகாரி அம்மாவுக்கு அனுப்பினாள். “எங்க வீட்டுக்காரர் எவ்ளோ கஷ்டப்பட்டு கவனிக்கறாரு பாருங்க மேடம்” என்று பெருமையாக எழுதியும் அனுப்பினாள்.

மேலதிகாரி அம்மா கூடவே இருந்து பார்க்கும் கடைசிச் சோதனை வகுப்பு ஒரு வியாழன், மாலை நான்கு மணி. நாலே காலுக்கு ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரை ஓவனில் வைத்தேன். அன்று மருந்து ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று. ஐந்து நிமிடம் வைத்தேன். கண்ணாடித் தட்டின்மேல் டம்ளர் மெல்லச் சுற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல்...

“கேக்குதா கண்ணு? நான் பேசறது கேக்குதா? மேடம், லைன்ல கீறீங்களா? மேடம்...”

பாட வகுப்பில் அவள் ஒருபோதும் ஊர்ப் பேச்சு பேசமாட்டாள். பதற்றத்தில் ‘கீறீங்களா’ என்று வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆம், சிரித்தேன்! கொதித்த அந்தத் தண்ணீரை ஆறவைத்துக் குடித்தேன்.

திங்களன்று பதில் வந்தது. பாடம் நன்றாக நடத்துகிறீர்கள், ஆனால் நீங்கள் அனுப்பிய பதிவின்படியே உங்கள் வீட்டு இணைப்பு எந்நேரமும் நம்பத்தக்கதல்ல, வருந்துகிறோம். என் நோட்டை முதன்முதலாக ஒருவர் ஆதாரமாக ஏற்றுக்கொண்டார். அதுவும் பொய் நோட்டை.

பழைய பள்ளி அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பஸ்ஸில் போகத் தொடங்குவதற்கு முந்தைய நாள், இடுப்புப் பட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “வுடுங்க, என் ராசி அவ்ளோதான். நீங்களும் நோட்டு போட்டு எவ்ளோ பாடுபட்டீங்க...”

இப்போது தினமும் வேலைக்குப் போகிறாள். திரும்பி வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். படியேறக் கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை நிற்கிறாள். முன்பு நிற்கமாட்டாள்.

அந்த வியாழனுக்குப் பிறகு நான் ஓவனைத் திறக்கவில்லை; மருந்தைப் பச்சைத் தண்ணீரிலேயே விழுங்கினேன். போன ஞாயிறு திறந்தேன். உள்ளே கண்ணாடித் தட்டு இல்லை. சுழலும் வளையம் மட்டும் வெறுமனே கிடந்தது. அலமாரி, பரண், பாத்திரக் கூடை எல்லாம் தேடினேன். குப்பையிலும் உடைந்த கண்ணாடி இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

கழுவும்போது உடைந்து, சொல்ல மறந்திருக்கலாம். அல்லது... இனி யாரும் இதை ஓட்டக் கூடாது என்று எடுத்திருக்கலாம். எப்போது எடுத்தாள்? ‘எவ்ளோ பாடுபட்டீங்க’ என்று சொன்ன நாளுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், அந்தச் சொல்லை அவள் என் முகத்தைப் பார்த்து எல்லாம் தெரிந்தே சொன்னாள்!

கேட்டுவிடலாம். ஒரே கேள்விதான். ஆனால் வாயைத் திறந்தால் அது கேள்வியாகவா இருக்கும்?

நேற்று மாலை காபி கொடுத்தாள். வெந்நீரும் வைத்திருந்தாள், காஸ் அடுப்பில். “மூடிட்டேன், பயப்படாதீங்க” என்றாள்.

உண்மை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: “கண்ணாடித் தட்டு எடுக்கப்பட்ட தேதி: சரிபார்க்கப்படவில்லை.”