நின்று பேசச் சொன்னவர்

பேராசிரியர் சதாசிவம் இறந்த செய்தி எனக்குத் திருவையாறு போகும் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் இருந்த பழைய சக ஆசிரியர் திரும்பிப் பார்த்து, "நம்ம சதாசிவம் சார் போயிட்டாரே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரங்கல் கூட்டத்துக்கும் அழைப்பு இல்லை. அங்கே பேசியவர்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் அவர் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றில் அவர் வேதியியல் துறைத் தலைவர். மாணவர் ஒழுங்குக் குழுவுக்கும் அவரே தலைவர். நான் அதில் ஆக இளைய உறுப்பினர். கல்லூரியே கேலி செய்த அவருடைய விதி ஒன்று உண்டு: மன்னிப்புக் கேட்க வருகிறவன் காலில் விழக்கூடாது. மேடையில் சுயமரியாதை பேசியவர்கள், கீழே இறங்கியதும் தலைவர்களின் காலில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. மாணவர்களும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் குனிந்தால் இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார். "விழுந்தா மூஞ்சி தெரியாதுடா. நின்னு, என்ன செஞ்சேன்னு சொல்லு." விடுதியில் மாணவர்கள் இதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

கூலித் தகராறு முற்றி, ஊர் ஊராக அறுவடைக்கு ஆள் இறங்காமல் நின்ற ஒரு பருவத்தில் அந்த விதிக்குச் சோதனை வந்தது. மிராசுதார் ஒருவரின் மகன் பாஸ்கரும், அவர் நிலத்தில் வேலை செய்த முருகையனின் மகன் தமிழரசனும் ஒரே விடுதியில் இருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பாஸ்கர், "எங்க நெல்லு வயல்ல கொட்டுது, உனக்கு இங்க சோறு கேக்குதா?" என்று அவன் தட்டைத் தட்டிவிட்டு, கன்னத்திலும் அறைந்தான். தமிழரசன் சாம்பார்க் கரண்டியால் திருப்பி அடித்ததில் பாஸ்கரின் நெற்றி கிழிந்தது.

விசாரணைக்கு இரண்டு தகப்பன்மாரும் வந்தார்கள். மிராசுதார் முருகையனைக் காட்டி, எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே பேசினார். "இவன் நம்ம ஆளுதான் சார். அப்பனும் மவனும் கால்ல விழுந்துட்டா நான் போலீசுக்குப் போகல. இல்லேன்னா அந்தப் பயல வெளிய அனுப்பிடுங்க." வெளியே அனுப்பினால் முருகையன் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பிள்ளையின் படிப்பு அத்தோடு முடிந்தது. முருகையன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"எழுந்திரிங்க," என்றார் சதாசிவம். "இங்க யாரும் யார் கால்லயும் விழக்கூடாது. நாற்காலி இருக்கு, உட்காருங்க."

முருகையன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மிராசுதாரின் சிரிப்பு நின்றது.

தமிழரசனை மட்டும் விட்டுவிடலாம் என்று சதாசிவத்தின் காதோடு சொன்னேன். "அவன் அடிச்சானா இல்லையா? அத மறைச்சா, பாவம் பாத்து விட்டு வச்ச பையன் ஆயிடுவான். எனக்கு அவன் மாணவனா வேணும்யா," என்றார்.

தீர்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். கல்வியாண்டு முடியும்வரை விடுதி இல்லை. வகுப்பும் தேர்வும் உண்டு. அதற்கு முன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, செய்ததைச் சொல்ல வேண்டும். தொடங்கியவன் முதலில்.

"வாடா போகலாம்," என்றார் மிராசுதார்.

"தாராளமா போங்க. போனா பரீட்சை கிடையாது."

பாஸ்கர் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "தட்டைத் தள்ளினது நான்தான். அறைஞ்சதும் நான்தான். தப்பு."

"கரண்டியால அடிச்சேன். தப்புதான்," என்றான் தமிழரசன். "ஆனா ரெண்டாவது அடி வாங்கிக்க மாட்டேன்."

"அத யாரும் கேக்கல. உட்காருடா," என்றார் சதாசிவம். அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

எல்லோரும் போன பிறகு முருகையன் வாசலில் நின்று தயங்கினார். "ஐயா, பண்ணை வீட்டுப் புள்ள எம் மவன்கிட்ட தப்புன்னு சொல்லிச்சே. ஊருக்குள்ள போனா அது செல்லுங்களா?"

"இந்தக் காலேஜ் கேட்டுக்குள்ள செல்லும்ங்க. என் கையில இருக்கறது அவ்வளவுதான்."

வெளியே எது செல்லும் என்பது சீக்கிரமே தெரிந்தது. மிராசுதாரின் உறவினர் ஆளுங்கட்சிப் பிரமுகர். கூட்டத்துக்குக் கூட்டம் சமத்துவம் பேசுகிறவர். சதாசிவத்துக்குத் தெற்கே, தண்ணீர் இல்லாத ஓர் ஊருக்கு மாறுதல் வந்தது. "ஒரு தடவை போய் அவரப் பாத்து விழுந்துட்டு வந்துடுங்க சார்," என்றார்கள் சக ஆசிரியர்கள். அவர் பெட்டியைக் கட்டினார். அந்தப் பிரமுகரைப் பார்க்க என்னையும் அழைத்தார்கள். நானும் போகவில்லை. அதன்பின் பதவி உயர்வுப் பட்டியல்கள் என்னைத் தாண்டியே போயின. தாண்டிப் போனவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். எவரையும் மன்னிக்கும் எண்ணம் இல்லை.

தமிழரசன் தினமும் ஊரிலிருந்து பேருந்தில் வந்து அந்த ஆண்டுத் தேர்வை எழுதினான், தேறினான்.

சார், கல்லூரி முதல்வர் நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. அன்று முருகையன் உட்கார்ந்த அறையில், உங்களுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். கூட்டத்தில் பேசிய எவராலும் அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.