சாக்குத் திரைக்கு முன்னால் நல்லம்மா

ஆளில்லாத வாசலைப் பார்த்து, "வராத, அங்கயே நில்லு!" என்று அதட்டுகிற பெண்ணைக் கண்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பேய் பிடித்தவள் என்றுதானே? இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலும் நல்லம்மாவைப் பற்றி அப்படித்தான் பேச்சு.

அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, ஆற்றில் கிடந்து எடுத்த பிணத்தின் விரல்களைப் போல் இருக்கும். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டிவிடுவாள். தும்மல் வருவது போலிருந்தால், கொட்டுகிற மழையிலும் வெளியே ஓடிப்போய்த் தும்முவாள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி வைரவநாதன் ஒருநாள் லயத்தார் குடிக்கும் பீலிக் குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கிக் கண்ணாடியில் வைத்து அவளுக்குக் காட்டினார். "கிருமிங்க துடிச்சுக்கிட்டு நீந்துச்சுங்க. அன்னைலருந்து எங்க பாத்தாலும் அதுங்கதான் எனக்குத் தெரியுது" என்பாள்.

இப்போது அவள் காவல் காப்பது கொழுந்தெடுக்கும் கனகத்தை. காய்ச்சலில் விழுந்தவளின் இரத்தத்தை அப்போதிக்கரி அதே கண்ணாடியில் பார்த்தார். கிருமியோடு சண்டையிடும் வெள்ளை அணுக்கள் தேடினாலும் அகப்படவில்லை. ஏனென்று அவருக்கும் புரியவில்லை. "அது திரும்ப ஊறும்வரைக்கும் ஒரு இருமல்கூட இவளக் கொன்னுடும்" என்றார். எட்டுக் கட்டில்கள் கிடக்கிற, எட்டுப் பேரும் இருமுகிற அந்த ஒரே கூடத்தின் மூலையில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டு, கனகத்தை அதற்குள் படுக்க வைத்தாள் நல்லம்மா.

கனகத்தின் காலில் முள் குத்திய துளை ஒன்று இருக்கிறது. பத்து நாளாகியும் அது சிவக்கவில்லை, வீங்கவில்லை, சீழ் கட்டவில்லை. மெழுகில் ஊசியால் குத்தியதுபோல் கறுத்து, காய்ந்து, அப்படியே இருக்கிறது. உடம்பு மட்டும் கொதிக்கிறது. மோகினி இரத்தத்தைக் குடித்துவிட்டாள் என்று கோடங்கி சொல்லித் திருநீறு கொடுத்தனுப்பினான். நல்லம்மா பொட்டலத்தை வெளித்திண்டில் வைத்துவிட்டாள்.

"சாமி வெளியவே இருக்கட்டும். எத்தன கை மாறி வந்துச்சோ!"

நேற்றுக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த கையோடு கங்காணி ராமாமிர்தம் வந்தார். வழியெல்லாம் மூடுபனி, செருப்பில் சேறு. சாக்கின் ஓரத்தைக் கம்பால் விலக்கிக் காலைப் பார்த்தார்.

"ஏ நல்லம்மா, புண்ணு காஞ்சு போச்சே! ஒரு பொட்டு சீழ் இல்ல. கொழுந்து மலைக்கு ஆள் பத்தலன்னு தொர கத்துறாரு. எழுப்பி விடு."

"சீழ் இல்லாததுதாங்க பயம். சண்ட போட ஆளிருந்தாத்தான பொணம் விழும்? சீழுங்கிறது செத்த சிப்பாய்ங்க. இவ உள்ள ஒருத்தனும் இல்லீங்க."

"அப்போதிக்கரி கூடச் சேந்து நீயும் தொரசானி ஆயிட்டியோ?"

உள்ளே கனகம் மெல்ல முனகினாள்: "அக்கா, எனக்கு வலிக்கவே இல்ல. போகட்டுமா?"

துரைக்குக் கொழுந்து நிறைய வேண்டும். அதற்காக, சீழில்லாத புண் ஆறிய புண் என்று கங்காணி நம்புகிறார். அறியாமையும் அதிகாரமும் கைகோத்தால் ஆளைக் கொல்ல வேறு மோகினி எதற்கு?

கங்காணி சாக்கைப் பிடித்து இழுத்தார். ஒரு பக்கத் தையல் பிரிந்தது. நல்லம்மா, கிழிந்த இடத்துக்கு நேரே, குளிர்ந்த சிமெந்துத் தரையில், குறுக்காக நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"தாண்டிப் போங்க, கங்காணியாரே."

படுத்திருக்கும் பெண்ணைத் தாண்ட எந்த லயத்து ஆண்மகனுக்கும் கால் எழாது. ராமாமிர்தத்துக்கும் எழவில்லை.

இதை எழுதும் நேரத்திலும் அவள் அங்கேதான் படுத்திருக்கிறாள். வாசகரே, அந்த மூலைக்கு ஒரு சுவரும் கதவும் வேண்டுமென்று தோட்டத்துத் துரைக்கு இன்றே ஒரு கடிதம் போடுங்கள்.