சுமித்திராவுக்கு ஒரு பதில்

பரந்தன் சந்தியில் உள்ள ஒரு போட்டோப் பிரதிக் கடையில், பின்பக்க மேசையில் இருந்து விமலேஸ்வரி பதினொரு வருடங்களாக மற்றவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். போர்க்காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கைகள் எழுதிப் பழகிய ஆங்கிலம். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் செய்யவில்லை. தாய் செட்டிகுளம் அகதி முகாமில் இறந்த பிறகு வீட்டில் அவள் மட்டும்தான்.

எந்த இடத்தில் எந்தச் சொல் என்பது அவளுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போக மூன்று தரம் விசா மறுக்கப்பட்ட முத்துலிங்கம் ஒருநாள் கொதித்துக்கொண்டு வந்தார்.

"மனச்சாட்சி இல்லாத ஆக்கள் எண்டு எழுதுங்கோ தங்கச்சி."

"அப்பிடி எழுதினால் முதல் வரியோட மூடி வைச்சிடுவினம் அண்ணை. அழுத மாதிரியும் இருக்கக்கூடாது, அதட்டின மாதிரியும் இருக்கக்கூடாது. திரும்பப் பரிசீலித்தால் நன்றியுடையவனாக இருப்பேன் எண்டு போடுறன்."

"நன்றியோ? அவங்களுக்கோ?"

"இங்கிலீசில கோபத்தையும் அப்பிடித்தான் சொல்லுறது."

நான்காம் தரம் விசா கிடைத்தது. திரும்பி வந்தவர் அவளுக்கு ஒரு பெரிய பெட்டி சொக்லேட் கொடுத்தார். தனியே தின்று முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் சென்றது.

கனடாவில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். கிருபன். தொண்ணூற்றெட்டில் போனவன். முதலில் வாரம் ஒரு தரம் கதைத்தான், பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். கடைசி இரண்டு வருடங்களில் அதுவும் நின்றுவிட்டது. கோபமென்று எதுவும் இல்லை. எப்படியோ நின்றுவிட்டது.

சென்ற மார்கழியில் அவனுடைய மகள் சுமித்திராவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில்தான். "என் தந்தை சென்ற மாதம் பன்னிரண்டாம் திகதி காலமானார் என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன். இறுதிக் கிரியைகள் முடிந்துவிட்டன. அவருடைய தொலைபேசியில் இந்த முகவரி இருந்தது."

வருத்தத்துடன் அறியத்தருகிறேன். விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் கொண்டுவரும் கடிதங்களில் விமலேஸ்வரி நூறு தரம் வாசித்த வரி அது. கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை என்பதுதான் அவளுக்கு முதலில் பட்டது. அழுகை வரவில்லை.

"எனது ஆழ்ந்த அனுதாபங்களை ஏற்றுக்கொள்ளவும்" என்று விரல்கள் தாமாகவே அடித்தன. வாசித்துப் பார்த்து அழித்தாள். செத்துப்போனது அவளுடைய தம்பி. அவள் யாருக்கு அனுதாபம் சொல்வது? 'அன்பு மகளே' என்று தொடங்கினாள். முகம் தெரியாத பிள்ளையிடம் அவ்வளவு உரிமை எடுக்கக் கூச்சமாக இருந்தது. 'ஆன்ட்டி' என்று தன்னைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரியும் அங்கே ஆன்ட்டிதான். மூன்று நாள் இப்படியே போனது.

"ஒரு கடிதத்துக்கு இவ்வளவு நாளோ அக்கா? ஆரின்ரை கடிதம்?" என்று கடை முதலாளி நிஷாந்தன் கேட்டான்.

"என்ரை."

"உங்கட கடிதமோ?" அவன் போட்டோப் பிரதி மெசினடிக்குத் திரும்பிப் போனான்.

கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சின்னச் சின்ன வசனங்களாக எழுதினாள். "நான் உன் அப்பாவின் அக்கா. ஒன்பது வயதில் அவனுடைய முழங்காலை முள்ளுக்கம்பி கிழித்தது. நான் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அவன் அழவில்லை. நான்தான் அழுதேன். கடைசி நேரம் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுது." வழமையான முடிவுச் சொல் ஒன்றும் போடவில்லை. தகப்பனின் அக்காவைக் கூப்பிடும் முறையில், ஆங்கில எழுத்தில் 'மாமி' என்று மட்டும் போட்டு அனுப்பினாள்.

பதில் பதினெட்டு நாள் கழித்து வந்தது.

"அம்மா எங்களைவிட்டுப் போய்ப் பல வருடம். நான் மட்டும்தான் இருந்தேன். கடைசி இரண்டு நாளும் அப்பா தமிழில்தான் பேசினார். தண்ணி என்ற சொல் எனக்குத் தெரியும். கொடுத்தேன். மற்றதெல்லாம் விளங்கவில்லை. மன்னியுங்கள்."

விமலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பிக் கடையின் பின்பக்கம் போனாள். அன்றைக்குத்தான் தம்பிக்காக அழுதாள்.

பிள்ளை தண்ணீர் கொடுத்ததே போதும் என்று அன்றே பதில் எழுதினாள். பிறகு மாதம் ஒரு கடிதம். கிருபன் படித்த பள்ளிக்கூடம், அவன் நீந்தப் பழகிய குளம், அவனுக்குப் பிடித்த மீன் என்று நினைவில் வருவதை எழுதுகிறாள். இரண்டு தரம் பதில் வந்தது, சுருக்கமாக. சித்திரைக்குப் பிறகு ஒன்றுமில்லை. இருந்தும் மாதக் கடைசியில் மற்றவர்களுடைய வேலை முடிந்ததும் எழுத உட்காருகிறாள். அந்தக் கடிதங்களை அவள் திரும்ப வாசித்துத் திருத்துவதில்லை.