வாயைத் திறக்க ஒரு கோர்ஸ்

இங்கே தினமும் காலை ஆறு மணிக்கு எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரையிலிருந்து நாலு மணி நேரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நான் ஃபிட்டர். வேலை தொடங்குமுன் தகரக் கொட்டகையில் எட்டுப் பேரும் கூடுவோம். இதற்கு டூல்பாக்ஸ் டாக் என்று பெயர். எங்கள் சூப்பர்வைசர் ஷேரன் அன்றைய வேலைகளைப் படித்துவிட்டு, "யாருக்காவது ஏதாவது சரியில்லை என்று தோன்றுகிறதா?" என்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் எனக்கு விசித்திரம். ஊரில் எங்கள் மேஸ்திரியும் கேள்வி கேட்பார், ஆனால் "எல்லாம் புரிஞ்சிதா, கெளம்பு" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். இந்த அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். முதல் ஆறு மாதமும் என் முறை வந்தபோதெல்லாம் நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் குழுவுக்கு லீடிங் ஹேண்ட் வேலை காலியானது. ஆறு பேருக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு. அது கிடைத்தால் நான் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க நிறுவனமே எழுதிக் கொடுக்கும், கிடைக்காவிட்டால் விசா முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெர்மனென்ட் என்ற சொல் காதில் விழுந்தால் நெய்வேலிக்காரனுக்கு முதுகு தானாக நிமிரும். என் அப்பா நகரியத்தின் பிளாக்குகளில் முப்பது வருடம் கான்ட்ராக்டில் செடிக்குத் தண்ணீர் விட்டு, அந்தச் சொல்லைக் கிட்டத்தில் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர். நான் ஷேரனிடம் போய் விண்ணப்பம் கேட்டேன். "உன் கைக்கு நூற்றுக்கு நூறு" என்றார் அவர். "ஆனால் லீடிங் ஹேண்ட் பேச வேண்டும், பழனி. ஆன்லைனில் ஏதாவது ஒரு கோர்ஸ் எடு. ஒன்றுக்கு நிறுவனம் பணம் கட்டும்."

ஆன்லைன் கோர்ஸ் என்றால் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அதுவரை பதினோரு இலவசக் கோர்ஸ் முடித்திருந்தேன். வெல்டிங் சோதனை, நேர நிர்வாகம், திட்ட மேலாண்மைக்கு அறிமுகம், ஏன் என்றே தெரியாமல் தேனீ வளர்ப்பு. அத்தனை சான்றிதழையும் அச்செடுத்து, லேமினேட் செய்து, ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தேன். ஐ.டி.ஐ. முடித்த காலத்திலிருந்தே ஃபைலின் கனம்தான் எங்களுக்குத் தகுதி. அதனால் பட்டியலை ஒரு வாரம் புரட்டி, உயர்நிலை ஹைட்ராலிக்ஸைத் தேர்ந்தெடுத்து ஷேரனிடம் காட்டினேன். அவர் குழம்பிப்போனார். "இது உனக்கு ஏற்கெனவே தெரியுமே?" என்றார். "தெரியும், அதனால் நல்ல மார்க் வரும்" என்றேன் பெருமையாக. நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

வீட்டில் என் மனைவி செல்வி சிரிக்கவில்லை. "தெரிஞ்சதையே எத்தினி தடவதாங்க படிப்பீங்க? கடையில பாக்கி சில்லற கொறஞ்சா கூட நாந்தான் போயி கேட்டுக்கினு வரேன். வாயத் தொறக்குறதுக்கு எதனா கோர்ஸ் இருந்தா அதப் படிங்க" என்றாள். கோபம் வந்தது. கோபம் வந்தால் அது உண்மையாக இருக்கும் என்பது கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் கற்ற பாடம். பட்டியலில் தேடியபோது அப்படி ஒரு கோர்ஸ் இருக்கவே செய்தது. 'பணியிடத்தில் பேசுதல்', ஆறு வாரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் தேர்வு. கேள்வி எளிது. கன்வேயர் பெல்ட்டை ஓட்டச் சொல்கிறார் உங்கள் மேலதிகாரி, சுழலும் உருளையை மூடும் கம்பிவலையில் போல்ட்டுகள் குறைவதைப் பார்க்கிறீர்கள், என்ன செய்வீர்கள்? கவனமாக ஓட்டிவிட்டுப் பிறகு தெரிவிப்பேன் என்பதைத் தட்டினேன். தவறு. பக்கத்தில் இருப்பவரை எச்சரிப்பேன். தவறு. யாரும் பார்க்காதபோது நானே போல்ட்டைப் போட்டுவிடுவேன். இதைவிட நல்ல வேலைக்காரன் எவன் இருப்பான் என்று தட்டினேன், அதுவும் தவறு. மிச்சமிருந்தது நான்காவது: 'ஓட்ட மாட்டேன் என்று அவரிடமே சொல்வேன்.' அதை நான் படித்திருந்தேன், ஆனால் அது ஒரு பதில் என்றே எனக்குத் தோன்றவில்லை. பதினோரு கோர்ஸில் ஒன்றில்கூட நான் இப்படித் தோற்றதில்லை.

அன்று எனக்கு ஏழுமலை அண்ணன் நினைவு வந்தது. ஊரில் நான் முதலில் சேர்ந்தது நகரியத்துக்கு வெளியே, பண்ருட்டி போகும் சாலையில் ஒரு தனியார் பட்டறை. பெல்ட்டுக்கு உருளை செய்வோம். காலையில் மேஸ்திரி நோட்டைப் பிரித்துப் பேர் படிப்பார். பேர் இருந்தால் அன்று வேலை, இல்லாவிட்டால் சைக்கிளைத் திருப்ப வேண்டும். ஏழுமலை அண்ணன் அங்கே வெல்டர், எனக்குப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் அவர் எல்லோர் முன்னிலும், "கை பொத்துப் போவுதுங்க, எல்லாருக்கும் கிளவுஸ் வாங்கிக் குடுங்க" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். மறுநாள் காலை கிளவுஸ் வந்திருந்தது, எல்லோருக்கும் புதுசு. ஏழுமலை அண்ணன் பேரை மட்டும் படிக்கவில்லை. அவர் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு, எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் ஒன்பது பேர் நின்றோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்த கிளவுஸைப் போட்டுக்கொண்டு நான் ஒன்றரை வருடம் வேலை செய்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கோர்ஸில் தேறினேன், எண்பத்தெட்டு மார்க். கோர்ஸில் தேறுவது ஒன்று, கொட்டகையில் பேசுவது இன்னொன்று. அடுத்த மாதம் ஒரு பிற்பகல், நிலக்கரி ஏற்ற ரயில் வந்து நிற்கிறது, பெல்ட் பழுது பார்த்து முடிந்திருக்கிறது. ஷேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓட்டு" என்றார். கம்பிவலையில் நாலு போல்ட்டுக்கு இரண்டுதான் இருந்தது. பாடப்புத்தகத்தைக் கிழித்துக் கொண்டுவந்து எதிரில் ஒட்டியதுபோல. "ஓட்ட மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை கொட்டகை வரைக்கும் கேட்டது. உடனே மூன்று முறை சாரியும் சொன்னேன். ஷேரன் குனிந்து பார்த்தார், தானே போய் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டினார். நாற்பது நிமிடம் ரயில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஊர்ப் பழக்கம் தலைதூக்கியது. 'மதிப்பிற்குரிய மேடம், இன்று நடந்ததற்கு' என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி, மறுநாள் காலை இரண்டு கையாலும் நீட்டினேன். ஷேரன் நின்றபடி முழுதும் படித்தார். என் பிழைப்பு அந்தத் தாளில் தொங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் மேசையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். "குறை பார்த்தால் இந்தப் படிவத்தில் எழுத வேண்டும், மேட். அடுத்த தடவை நினைவிருக்கட்டும்." மேட் என்றால் இங்கே தோழன். அவ்வளவுதான். அதிலிருந்து ஏழாம் வாரம் லீடிங் ஹேண்ட் நானானேன். இப்போது காலை ஆறு மணிக்கு அந்தக் கேள்வியைக் கேட்பது நான். ஷேரனைவிட நாலு நொடி அதிகமாகவே காத்திருக்கிறேன்.

எந்தக் கோர்ஸ் எடுக்கலாம் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லிவந்தேன். மார்க் வருவதை எடுக்காதே, எதைப் பார்த்தால் பயமோ அதை எடு. போன தை மாதம் விடுமுறைக்குப் போனபோது என் தம்பி குமாரும் கேட்டான். அவனும் ஃபிட்டர், ஒரு பட்டறையில் கான்ட்ராக்ட். டேட்டா மலிவாகியிருந்த நேரம், அவன் போனிலேயே அந்தக் கோர்ஸைத் திறந்து கொடுத்தேன். வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்து முதல் தேர்வை எழுதினான். நான் தடுமாறிய கேள்வியைப் படித்துவிட்டு யோசிக்காமல் நிமிர்ந்தான்.

"நாலாவதுதான சரி? இதுக்கு எதுக்குண்ணா ஆறு வாரம்?"

எனக்கு ஆச்சரியம். "தெரியுதில்ல? அப்புறம் ஏன்டா அங்க சொல்லாம சும்மா இருக்கிற?"

"எல்லாருக்கும் தெரியும்ணா. தனியா சொன்னா நாளிக்கு வூட்ல குந்திக்கினு இருக்கணும். கூட ஒம்போது பேரு நின்னா நான் இன்னிக்கே சொல்லுவேன். அது இந்த நாலுல எங்க இருக்குது, காட்டு."

நாலையும் மறுபடி படித்துப் பார்த்தேன். என் எண்பத்தெட்டு மார்க்கில் அது இல்லை. அவன் சொன்னதுதான் எங்கள் ஊருக்குச் சரியான பதில், ஏழுமலை அண்ணனுக்கு நாங்கள் கொடுத்திருக்க வேண்டிய பதிலும் அதுதான். "சரிதான்டா" என்றேன், மனசாரத்தான் சொன்னேன்.

"நீ இங்க இருந்தா நிப்பியா?"

"நிப்பேன்" என்றேன். குரல் கணீரென்று வந்தது. இந்த வாயைத் திறக்க எத்தனை பாடுபட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

குமார் போனைப் பார்த்தபடியே சொன்னான், "நிப்பண்ணா. ஒனக்கு சனிக்கெழம ஃபிளைட்டு."

அவன் குத்திக்காட்டவில்லை, நான் கிளம்பும் கிழமையைச் சொன்னான், அவ்வளவே. பிறகு நான்காவது பதிலைத் தட்டினான். திரையில் பச்சைக் குறி வந்து, இருவரையும் பாராட்டுவதுபோல் மினுங்கியது. அடுத்த கேள்விக்குப் போக அவனும் விரலை நகர்த்தவில்லை, நானும் போகச் சொல்லவில்லை.